தேரின் அச்சாணி: கிடார்க் கலைஞர் ஜிம்மி நோலன்

முன்னுரை

மாதா கோவில் திருவிழாவன்று தேர் வருகிறது. மின்விளக்குகளும் மல்லிகைச் சரங்களும் ஒளிர, நடுவே அன்னையின் திருவுருவம் அசைந்து அசைந்து வருகிறது. எல்லாருடைய கண்களும் மேலேதான் இருக்கின்றன. குனிந்து சக்கரத்தின் அச்சாணியைப் பார்ப்பவர் எவருமில்லை. ஆனால் அந்தச் சிறு இரும்புத் துண்டு கழன்று விழுந்துவிட்டால் தேர் ஓர் அடிகூட நகராது.

மனித வாழ்விலும் இத்தகைய அச்சாணிகள் உண்டு. மேடையின் முன்னே நிற்பவரை உலகம் போற்றுகிறது. பின்வரிசையில் நின்று அவரைத் தாங்குபவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. அவ்வாறு பின்வரிசையில் நின்றபடியே இசையின் போக்கை மாற்றிய ஒருவரின் வரலாற்றை இங்கே எழுத விழைகிறேன். அவர்தாம் அமெரிக்க நாட்டுக் கறுப்பினக் கலைஞர் ஜிம்மி நோலன். கிடார் பழகுவோர் உலகெங்கும் மரியாதையோடு சொல்லும் பெயர் அது. ஃபங்க் என்னும் இசை வகையில் கிடாரை எப்படி வாசிக்க வேண்டும் என்று வழிகாட்டிய முன்னோடி அவர்.

அறிவியல் மேதைகளும் நாட்டுத் தலைவர்களும் இருக்க, இவரை ஏன் தேர்ந்துகொண்டாய் என்று தோழியர் கேட்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் மூன்று ஆண்டுகளாகக் கிடார் பழகி வருகிறேன். நம் சிற்றாலயப் பாடற்குழுவிலும் இருக்கிறேன். சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பாடலின் மெட்டைத் தனியாக வாசிக்கும் வாய்ப்பு எனக்கே கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். அது வேறொரு மாணவிக்குப் போயிற்று. பின்னால் நின்று தாளத்துக்குக் கம்பிகளை மீட்டிக்கொண்டிருப்பதே எனக்குக் கிடைத்த வேலை. முகம் வாடி வீட்டுக்குச் சென்றேன். இனிமேல் கிடாரைத் தொடவே மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

என் தாய்மாமா இளமையில் மெல்லிசைக் குழு ஒன்றில் கிடார் வாசித்தவர். அன்று மாலை அவர் ஒன்றும் பேசாமல் ஒரு பழைய இசைத்தட்டைச் சுழலவிட்டார். பாடுபவரைக் கவனிக்க வேண்டாம் என்றும், அவருக்குப் பின்னால் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும் சிறு ஒலியை மட்டும் கேட்கவேண்டும் என்றும் சொன்னார். கேட்டேன். அந்த ஒலி ஜிம்மி நோலனின் கை எழுப்பிய ஒலி என்பதைப் பிறகே தெரிந்துகொண்டேன். அன்று தொடங்கி அவரைப் பற்றி நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைத் தோழியரோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பிறப்பும் இளமையும்

ஜிம்மி நோலன் 1934ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ஓக்லஹோமா மாநிலத்தின் தலைநகரான ஓக்லஹோமா சிட்டியில் பிறந்தார். கறுப்பினக் குழந்தை ஒன்று பிறந்து வளர அது எளிய காலம் அன்று. அம்மாநிலத்தில் வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு வேறு பள்ளி. ரயில் பெட்டிகளும் தனித்தனி. தொலைபேசிக் கூண்டுகள்கூட இரு இனத்தாருக்கும் தனித்தனியே இருக்கவேண்டும் என்று 1915ஆம் ஆண்டிலேயே அங்கு சட்டம் செய்திருந்தார்கள் என்றால், மற்றவற்றைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் அந்நகரின் கறுப்பர் குடியிருப்பு இசைக்குப் பேர்போனது. மின்கிடாரை ஜாஸ் இசையில் ஒரு தனிக்குரலாக ஒலிக்கச் செய்த சார்லி கிறிஸ்டியன் அங்கேதான் வளர்ந்தார். அவர் 1942ஆம் ஆண்டு காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 25தான். அப்போது நோலன் எட்டு வயதைக்கூட எட்டாத சிறுவன்.

நோலன் முதலில் கையில் எடுத்த வாத்தியம் கிடார் அன்று. ஒன்பதாம் வயதில் அவர் வயலின் பழகத் தொடங்கினார். வயலினில் விரல் எங்கே படவேண்டும் என்று காட்டும் மெட்டுக்கட்டைகள் கிடையாது. காதுதான் விரலுக்கு வழி சொல்லவேண்டும். பிற்காலத்தில் நோலனின் இடக்கை அத்தனை நுணுக்கமாகக் கம்பிகளை அழுத்தவும் தளர்த்தவும் அறிந்திருந்ததற்கு இந்த வயலின் பயிற்சியும் உதவியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதினான்காம் வயதில் அவர் மனம் கிடாரின் பக்கம் திரும்பியது. டி-போன் வாக்கர் என்னும் புளூஸ் கலைஞரின் வாசிப்பே அதற்குக் காரணம். புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரத்திலிருந்து பிறந்த பாடல் முறை. மின்கிடாரில் அதை இனிமையாகவும் கம்பீரமாகவும் வாசித்துக் காட்டிய முன்னோடிகளுள் வாக்கர் தலையாயவர். அவருடைய வாசிப்பைக் கேட்டுக் கேட்டு நோலன் தாமே கிடார் பழகினார். பதினான்கு வயது என்றால் நம்மைவிட ஒரு வயது இளையவர்! சித்திரமும் கைப்பழக்கம் என்பார்களே, அதற்கு இவர் நல்ல சான்று.

இசைப் பயணம்

ஓக்லஹோமாவின் மற்றொரு நகரமான டல்சாவில் நோலன் வாசித்துக்கொண்டிருந்தபோது ஜிம்மி வில்சன் என்னும் பாடகர் அவரைக் கேட்டார். இளைஞரின் திறமையைக் கண்டு, தம் குழுவில் சேர்த்துக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அழைத்துச் சென்றார். 1950களின் நடுவில் நோலன் தம் சொந்தப் பெயரிலும் சில இசைத்தட்டுகள் வெளியிட்டார். அவற்றில் அவரே முன்னணியில் நின்று வாசித்தார். ஆனால் அவை பெரும்புகழ் பெறவில்லை.

பின்னர் 1957ஆம் ஆண்டு ஜானி ஓட்டிஸ் குழுவில் சேர்ந்தார். ஓட்டிஸ் ஒரு வியத்தகு மனிதர். கிரேக்க நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். ஆனால் கறுப்பின மக்கள் நடுவே வளர்ந்து, தம்மை அவர்களுள் ஒருவராகவே எண்ணி வாழ்ந்தவர். 1958ஆம் ஆண்டு அவர் குழு வெளியிட்ட ‘வில்லி அண்ட் த ஹேண்ட் ஜைவ்’ என்னும் பாடல் நாடெங்கும் ஒலித்தது. அதில் கிடார் வாசித்தவர் நோலன். கைத்தட்டலைப் போன்ற தாளத்தின் மீதே நடக்கும் பாடல் அது. மெட்டைவிடத் தாளமே ஒரு பாட்டின் உயிராக இருக்கலாம் என்னும் பாடத்தை அவர் அங்கே கற்றிருக்க வேண்டும்.

அதன்பின் சில காலம் சொந்தக் குழு ஒன்றையும் நடத்தினார். இப்படியாக முப்பது வயதுவரை நோலன் பலருள் ஒருவராகவே இருந்தார். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் அவருக்கென்று ஓர் இடம் இன்னும் வாய்க்கவில்லை.

ஜேம்ஸ் பிரவுன் குழுவில்

1965ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்புமுனை ஆயிற்று. அவ்வாண்டு அவர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் சேர்ந்தார். ஜேம்ஸ் பிரவுன் தென் கரோலினாவில் கொடிய வறுமையில் பிறந்து, தம் குரலாலும் ஆட்டத்தாலும் உலகப்புகழ் பெற்ற பாடகர். அவருடைய குழுவில் முரசு வாசிப்பவர்களும், சாக்ஸஃபோன், டிரம்பெட் முதலிய ஊதுகருவிக் கலைஞர்களும், பாஸ் கிடார், சாதாரணக் கிடார் வாசிப்பவர்களும் நிறைந்திருந்தனர்.

அவ்வாண்டு பிப்ரவரி மாதம், நிகழ்ச்சிக்காகச் செல்லும் வழியில் வட கரோலினாவின் சார்லட் நகரில் இருந்த ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் இக்குழு ஒரு பாடலைப் பதிவு செய்தது. புதுமாதிரி நடனத்தைக் கற்றுக்கொண்டு ஆட வரும் ஒரு வயதானவரைப் பற்றிய வேடிக்கையான பாடல் அது. ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’ என்பது அதன் பெயர். நீண்ட பதிவை இரு பகுதிகளாக வெட்டி, வேகத்தையும் சற்றுக் கூட்டி இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அந்தப் பாடலில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நின்றுபோகும் கணம் ஒன்று உண்டு. அப்போது கிடார் மட்டும் ஒரே சுரக்கூட்டை மளமளவென்று உரசிவிட்டு ஓயும். சில விநாடிகளே நீடிக்கும் ஒலிதான். ஆனால் கேட்டவர்கள் அதை மறக்கவில்லை. அமெரிக்காவின் பத்து முன்னணிப் பாடல்களுக்குள் ஜேம்ஸ் பிரவுனை முதன்முதலாகக் கொண்டு சேர்த்த பாடல் இதுவே. 1966ஆம் ஆண்டு கிராமி விருதும் இதற்குக் கிடைத்தது.

இசைத்தட்டின் மேலே ஒட்டியிருந்த தாளில் ஜேம்ஸ் பிரவுனின் பெயர் இருந்தது. அவரோடு சேர்ந்து பாடிவந்த குழுவினரின் பெயரும் இருந்தது. பாடலை இயற்றியவர் என்று அச்சிட்டிருந்ததும் பிரவுனின் பெயரே. நோலனின் பெயர் அதில் இல்லை.

கோழிக் கிளறல்

நோலனின் வாசிப்பு முறைக்கு இசைக்கலைஞர்கள் வைத்த பெயர் வேடிக்கையானது. தமிழில் அதைக் கோழிக் கிளறல் என்று சொல்லலாம். குப்பைமேட்டைக் கோழி தன் கால்களால் சரக் சரக்கென்று கிளறுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அந்த ஒலியைப் போன்றதே இதுவும். கேட்க எளிதாய்த் தோன்றும் இதை நான் கற்றுக்கொள்ளப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வழக்கமாக நாம் கிடாரில் இடக்கை விரல்களால் கம்பிகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலக்கையால் மீட்டுவோம். ஒலி நீண்டு ஒலிக்கும். நோலனோ ஜாஸ் இசையில் பழகிய ஒரு சுரக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, விரல்களைக் கம்பியிலிருந்து எடுக்காமலே அழுத்தத்தை மட்டும் தளர்த்திவிடுவார். அப்போது கம்பியை மீட்டினால் சுரம் கேட்காது. சிக், சிக் என்ற உரசல்தான் கேட்கும். பிறகு வேண்டிய கணத்தில் மட்டும், ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒருமுறை அழுத்தி உடனே விட்டுவிடுவார். சுரம் மின்னலைப்போல் பளிச்சிட்டு மறையும்.

வலக்கைக்கோ ஓய்வே இல்லை. மாமா எனக்கு அதைத் தகதிமி சொல்லித்தான் கற்பித்தார். ஒரு சுற்றுக்கு நான்கு எண்ணிக்கை. ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு தகதிமி. ஆக மொத்தம் பதினாறு அசைவுகள். கை கடிகாரத்து ஊசல்போல மேலும் கீழும் பதினாறு முறையும் போய்வர வேண்டும். ஆனால் சுரம் கேட்பதோ அவற்றுள் இரண்டு மூன்று இடங்களில்தான். மற்றவையெல்லாம் உரசலாகவே கடந்துபோகும். சுரம் கேட்காத இடத்தில் கை சோம்பி நின்றுவிட்டால், சுரம் கேட்கவேண்டிய இடத்தில் தாளம் தவறிவிடும். எவரும் கேட்காத அசைவுகளே, கேட்கும் அசைவுகளை வாழவைக்கின்றன!

முதல் வாரம் என் இடக்கை விரல்நுனிகள் சிவந்துபோயின. வலக்கை மணிக்கட்டு மரம்போல் இறுகிக்கொண்டது. விறைப்பாகப் பிடித்தால் வேகம் வராது, தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று மாமா பொறுமையோடு திருத்தினார். ஐந்து நிமிடம் தொடர்ந்து ஒரே சுரக்கூட்டை வேகம் குறையாமல் வாசிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. நோலன் இதை ஊர் ஊராக, இரவுக்கு இரவு, மணிக்கணக்கில் வாசித்தார் என்று எண்ணும்போது வியப்பே மேலிடுகிறது.

கேட்டுக் கேட்டு வாசித்தல்

ஜேம்ஸ் பிரவுனின் இசையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு சிறு துணுக்கே கிடைக்கும். நான்கு எண்ணிக்கைகளுள் முதலாவதை எல்லாரும் சேர்ந்து ஓங்கி ஊன்ற வேண்டும். மற்ற இடங்களில் ஒருவர் விட்ட இடைவெளியை இன்னொருவர் நிரப்ப வேண்டும். 1967ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கோல்ட் ஸ்வெட்’ என்னும் பாடலில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். மெட்டின் மாற்றங்கள் மிகக் குறைவு. முரசு, பாஸ், கிடார், ஊதுகருவி ஒவ்வொன்றும் ஒரு சிறு தாளத் துணுக்கை விடாமல் சொல்கிறது. எல்லாம் சேரும்போது பெரிய இயந்திரம் ஒன்று சீராக ஓடுவதைப்போல் இருக்கிறது. இந்த முறையே ஃபங்க் இசையின் அடித்தளம் ஆயிற்று.

இங்கே ஒருவர் தம் திறமையை எல்லாம் காட்ட முனைந்தால் பாட்டுக் கெட்டுப்போகும். நோலனுக்குத் தனியாக வாசிக்கத் தெரியாமல் இல்லை. புளூஸ் வாசிப்பில் அவர் தேர்ந்தவர் என்பதை அவருடைய பழைய இசைத்தட்டுகள் காட்டுகின்றன. ஆனால் குழுவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டறிந்து அதை மட்டும் கொடுத்தார். தெரிந்ததை எல்லாம் வாசிக்காமல் இருப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும் போலும்.

நம் ஊரில் நாகசுரக்காரர் அருகே ஒருவர் ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருப்பார். அதற்கு ஒத்து என்று பெயர். எதற்கும் தலையாட்டுபவரை ஒத்து ஊதுகிறார் என்று நாம் கேலி செய்கிறோம். ஆனால் அந்த ஒத்து நின்றுவிட்டால் நாகசுரம் எவ்வளவு வெறுமையாக ஒலிக்கும்! அந்தக் கேலி நியாயமானதுதானா என்று இப்போது எனக்கு ஐயம் வருகிறது.

பாஸ்டன் நகரில் ஓர் இரவு

1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள். நம் காந்தியடிகளின் அறவழியைப் பின்பற்றியவரும், 1959ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கு வந்து சென்றவருமான மார்ட்டின் லூதர் கிங் மெம்ஃபிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். துயரமும் சினமும் தாளாமல் அமெரிக்காவின் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் கலகம் மூண்டது. கடைகள் எரிந்தன. உயிர்கள் மாண்டன.

மறுநாள் மாலை பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் பிரவுன் குழுவின் நிகழ்ச்சி முன்பே ஏற்பாடாகியிருந்தது. அதை நிறுத்திவிடலாமா என்று நகர அதிகாரிகள் யோசித்தார்கள். நிறுத்தினால் ஏமாற்றம் அடைந்த இளைஞர்களால் கலகம் வெடிக்கும் என்ற அச்சமும் இருந்தது. முடிவில் நிகழ்ச்சியை நடத்துவது என்றும், அதைத் தொலைக்காட்சியில் அப்படியே ஒளிபரப்புவது என்றும் தீர்மானித்தார்கள். மக்கள் வீட்டிலேயே இருந்து பார்ப்பார்கள் அல்லவா? நிகழ்ச்சியின் முடிவில் இளைஞர்கள் சிலர் மேடைமீது ஏறினர். காவலர்கள் அவர்களைத் தள்ளினர். நிலைமை கைமீறும் வேளையில் ஜேம்ஸ் பிரவுன் காவலர்களை விலகச் சொல்லி, இளைஞர்களிடம் தன்மானத்தோடு நடந்துகொள்ளும்படி பேசி, அவர்களைக் கீழே இறங்கச் செய்தார். பாட்டுத் தொடர்ந்தது. மற்ற நகரங்கள் எரிந்த அந்த இரவில் பாஸ்டன் பெரும்பாலும் அமைதியாக இருந்தது.

ஜேம்ஸ் பிரவுனின் துணிவை வரலாறு பாராட்டுகிறது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த மேடையின் பின்வரிசையில் நோலனும் அவருடைய தோழர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். தங்கள் இனத்தின் தலைவர் இறந்து ஒருநாள்தான் ஆகியிருந்தது. அவர்கள் நெஞ்சில் எத்தகைய துயரம் இருந்திருக்கும்! ஆயினும் தாளம் தவறாமல் வாசித்தார்கள். ஒரு நகரத்தின் அமைதிக்கு அவர்களும் அச்சாணி ஆனார்கள் அல்லவா?

கசப்பும் பிரிவும்

இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் உண்மைக்கு மாறாகும். ஜேம்ஸ் பிரவுன் தம் குழுவைக் கடும் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார். தாளம் தவறினாலும், காலணி பளபளப்பாக இல்லாவிட்டாலும் அபராதம் உண்டு. மேடையில் ஆடிக்கொண்டே விரல்களை விரித்துச் சைகை காட்டுவார். தவறு செய்தவருக்கு எவ்வளவு அபராதம் என்று அதிலேயே தெரிந்துவிடும். கட்டுப்பாட்டால் குழுவின் வாசிப்பு வைரம்போல் மின்னியது என்பது உண்மையே. ஆனால் உழைப்புக்கு ஏற்ற ஊதியமும் மதிப்பும் கிடைக்கவில்லை என்ற மனக்குறை கலைஞர்களிடையே வளர்ந்துகொண்டே போயிற்று.

1970ஆம் ஆண்டு அந்தக் குறை வெடித்தது. சாக்ஸஃபோன் கலைஞர் மேசியோ பார்க்கர் முதலிய பலர் குழுவை விட்டு விலகினர். நோலனும் அவர்களோடு சென்றார். ஜேம்ஸ் பிரவுன் பணியவில்லை. சின்சினாட்டி நகரிலிருந்து இளைஞர் குழு ஒன்றை விமானத்தில் வரவழைத்து அவர்களுடைய இடத்தில் நிறுத்தினார். நோலன் நின்ற இடத்தில் கேட்ஃபிஷ் காலின்ஸ் என்பவர் கிடாரோடு நின்றார். அவர் வாசித்ததும் நோலன் காட்டிய வழியிலேதான்!

விலகிச் சென்றவர்கள் சொந்தமாகக் குழு அமைத்து இசைத்தட்டும் வெளியிட்டார்கள். ஆனால் அவர்கள் எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. 1972ஆம் ஆண்டு நோலன் ஜேம்ஸ் பிரவுனிடமே திரும்பினார். பழைய இடத்துக்குத் திரும்புவது ஒரு மனிதருக்கு எளிதாக இருந்திருக்காது. நானாக இருந்தால் வெட்கப்பட்டு ஒதுங்கியிருப்பேன். அவரோ மீண்டும் கிடாரை எடுத்துக்கொண்டு பின்வரிசையில் நின்றார். 1973ஆம் ஆண்டின் ‘த பேபேக்’ முதலிய புகழ்பெற்ற பதிவுகள் அதன்பின் வந்தவையே.

மறைவும் புகழும்

அதன்பின் வாழ்நாள் முழுவதும் நோலன் அக்குழுவிலேயே இருந்தார். 1983ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில், ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 49தான்.

அவர் கை ஓய்ந்தது. அவர் காட்டிய வழி ஓயவில்லை. நைல் ராட்ஜர்ஸ், பிரின்ஸ் போன்ற பெருங்கலைஞர்களின் கிடாரில் அந்தக் கிளறல் ஒலியைக் கேட்கலாம். 1980கள் முதல் ஹிப்-ஹாப் இசையமைப்பாளர்கள் ஜேம்ஸ் பிரவுனின் பழைய பதிவுகளிலிருந்து துணுக்குகளை எடுத்துப் புதுப் பாடல்களில் கோத்தபோது, நோலனின் வாசிப்பும் புதிய தலைமுறையைச் சென்றடைந்தது. இன்று உலகின் எந்த மூலையிலும் ஃபங்க் கிடார் பழகத் தொடங்கும் பிள்ளை முதலில் கற்பது, கம்பியைத் தளர்த்தி உரசும் இந்தப் பாடத்தைத்தான். அதைக் கற்பவர்களில் எத்தனையோ பேருக்கு நோலனின் பெயர் தெரியாது.

முடிவுரை

ஓர் உடலுக்குப் பல உறுப்புகள் உண்டு என்றும், கண் கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது என்றும் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு விளக்குவதை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். ஜிம்மி நோலனின் வாழ்க்கை அந்தப் போதனைக்கு ஓர் உரைபோல எனக்குத் தோன்றுகிறது. பின்வரிசை இழிவானதன்று. அங்கே நிற்பதற்கும் முழுத் திறமையும் முழுப் பயிற்சியும் வேண்டும். இது நான் கற்ற முதல் பாடம்.

இரண்டாவது பாடமும் உண்டு. அச்சாணி தாழ்மையாக இருக்கிறது என்பதற்காக அதற்கு எண்ணெய் இடாமல் விடலாமா? பின்னால் நிற்பவர் பெயரை விரும்பாதவராக இருக்கலாம். ஆனால் அவருக்குரிய ஊதியத்தையும் நன்றியையும் கொடுப்பது முன்னால் நிற்பவரின் கடமை. தாழ்மையைப் பிறரிடம் எதிர்பார்ப்பது எளிது. நீதியை நாம் செய்வதுதான் கடினம்.

கிறிஸ்து பிறப்பு விழாவில் நான் பின்னால் நின்று தாளத்துக்கு மீட்டினேன். தகதிமி என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். விழா முடிந்ததும் எல்லாரும் மெட்டு வாசித்த மாணவியைச் சூழ்ந்துகொண்டு பாராட்டினார்கள். எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. அப்போது அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்து, நான் தாளத்தைப் பிடித்துக்கொண்டதால்தான் அவளால் நடுங்காமல் வாசிக்க முடிந்தது என்று சொல்லி என் கையைப் பற்றிக்கொண்டாள். என் கண்கள் கலங்கின.

அந்த நேரத்தில்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் சிற்றாலயத்தைக் கூட்டிப் பாய் விரித்து வைக்கும் அம்மா ஒருவர் உண்டு. மூன்று ஆண்டுகளாக அவர் விரித்த பாயில் அமர்ந்துதான் நான் கிடார் வாசித்தேன். ஆனால் அவர் பெயர் என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை. நோலனின் பெயரை உலகம் மறந்ததே என்று வருந்திய நான், என் அருகில் இருப்பவரின் பெயரையே அறியாமல் இருந்திருக்கிறேன்!

மறுநாளே அவரிடம் சென்று பெயரைக் கேட்டேன். முதலில் வியந்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் பெயரோடு அம்மா சேர்த்து அவரை அழைக்கிறேன். பாய் விரிக்க நானும் ஒரு முனையைப் பிடிக்கிறேன்.

அன்புத் தோழியரே! அடுத்த முறை தேர் வரும்போது அன்னையின் திருமுகத்தைக் கண்டு வணங்குவோம். வணங்கிய பிறகு ஒரு கணம் குனிந்து சக்கரத்தையும் பார்ப்போம்.